பாய் கட்டிய புல்லட்

பெல்ட்டை இறுக்கி முடித்ததும் பாய் அதை நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டுவார். சுண்டிவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்பார். அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்பவரிடம் இருக்கும் கவனம் அப்போது அவர் முகத்தில் இருக்கும். பிறகு டிரெய்லரின் மறுபக்கம் போய் அங்கிருக்கும் பெல்ட்டைச் சுண்டுவார். இரண்டு ஓசையும் ஒன்றாக இருந்தால் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். ஒன்றாக இல்லையென்றால் தளர்ந்ததை மட்டும் இறுக்க மாட்டார். இரண்டையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். எதற்கு இரண்டையும் அவிழ்க்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “ஒரு பக்கம் ஜாஸ்தி இழுத்துட்டு மறுபக்கம் ஈடு குடுத்தா அது கட்டு இல்ல ரைட்டரே, பஞ்சாயத்து” என்றார்.

ரைட்டர் என்பது என் பெயரல்ல, அவர் எனக்கு வைத்த பட்டம். செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில், வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடும் கடை ஒன்றில் நான் எழுத்து வேலை பார்த்தேன். ஆவணங்களை வாங்கிப் பார்ப்பது, வண்டி போன நேரம் வந்த நேரம் எழுதுவது என் பொறுப்பு. இது போகச் சொந்தமாகவும் ஒரு நோட்டு வைத்திருந்தேன், இப்போதும் வைத்திருக்கிறேன். எந்த மாதம் எந்தக் காப்பிக்கடை மூடியது, எந்தப் பௌர்ணமிக்கு மழை பெய்து கிரிவலக் கூட்டம் பாதியாகக் குறைந்தது, எந்த வாரம் சாலையோரப் புளியமரத்தை வெட்டினார்கள் என்றெல்லாம் எழுதிக்கொண்டிருப்பேன். அரசர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, ஒரு சாலையைப் பற்றி யாராவது எழுத வேண்டாமா என்பது என் எண்ணம். நான் குனிந்து எழுதும்போதெல்லாம் பாய் கடந்து போகிற போக்கில், “என்ன ரைட்டரே, நான் தும்மினத எழுதிட்டீங்களா?” என்று கேட்பார். ஒருநாள் அவர் தும்மியதை நேரத்தோடு எழுதிக் காட்டினேன். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. ஊரைவிட்டுப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்களைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் புதுச்சேரிக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. முதலாளி ஒரு பழைய ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். இரண்டு சக்கரங்கள், இரும்புத் தளம், தளத்தின் நீளத்துக்கு மோட்டார் சைக்கிளின் சக்கரம் உட்காருகிற அளவில் ஒரு பள்ளம், பள்ளத்தின் முன்முனையில் சக்கரம் முட்டி நிற்பதற்கு ஒரு இரும்புத் தடுப்பு. அவ்வளவுதான் டிரெய்லர். அதில் ஏற்றுகிற வண்டியைக் கட்டுவதற்காகவே பாய் இருந்தார். நான் சேரும்போதே அவர் அங்கே பழையவர். மொத்தம் பதினோரு ஆண்டுகள் அவர் கட்டியிருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். முதலாளியும் நானும் டிரைவரும் அவரைப் ‘பாய்’ என்று கூப்பிடுவோம். சம்பளப் பேரேட்டில் மட்டும்தான் அவருடைய முழுப்பெயர் இருந்தது, அதை எழுதியவனும் நான்தான்.

அவர் கட்டும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்தது எல்லாம் அதில்தான் இருக்கிறது. பலகை வைத்து வண்டியை ஏற்றி, முன்சக்கரம் தடுப்பில் போய் முட்டும்வரை தள்ளுவார். முட்டிய பிறகு டிரைவரையோ என்னையோ வண்டிமேல் உட்காரச் சொல்வார். ஸ்டாண்டை மடக்கிவிடுவார், ஸ்டாண்டு போட்டுக் கட்டினால் சாலையில் வரும் முதல் பள்ளத்திலேயே அது வளைந்துவிடும் என்பார். முன்பக்க பெல்ட் இரண்டையும் கைப்பிடியில் மாட்ட மாட்டார். அதற்குக் கீழே, சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் கழுத்தில் பழைய துண்டுத் துணியைச் சுற்றி, அதன்மேல் மாட்டுவார். மறுமுனையிலிருக்கும் கொக்கிகளைத் தளத்தின் இரு மூலைகளிலும் இருக்கிற வளையங்களில் போட்டு, பெல்ட்டை இறுக்குகிற பல்சக்கரப் பிடியான ராட்செட்டை ஒரு பல் இந்தப் பக்கம், ஒரு பல் அந்தப் பக்கம் என்று மாறி மாறி இழுப்பார். ஃபோர்க்கில் இருக்கும் ஸ்பிரிங் பாதி இறங்கியதும் நிறுத்திவிடுவார். முழுக்க இறக்கினால் ஸ்பிரிங் கெடும், இறக்காவிட்டால் குலுங்கும்போது பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். “பாதி மூச்சு அதுக்கு, பாதி மூச்சு நமக்கு” என்பார். பிறகு பின்பக்கம் இரண்டு பெல்ட். மிஞ்சித் தொங்குகிற வால்களை மூன்று முறுக்கு முறுக்கி, தனக்கே உரிய ஒரு தட்டை முடிச்சாகப் போடுவார். கடைசியில் அந்தச் சுண்டல்.

அவருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. கட்டிய பிறகு வேறு கை படக்கூடாது. வண்டி கிளம்பும் முன் தானே ஒருமுறை சுற்றி வந்து பார்க்க வேண்டும். பத்துக் கிலோமீட்டர் தாண்டியதும் டிரைவர் நிறுத்தி மறுபடியும் பார்க்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான், ஆனால் டிரைவர் அதை என்றோ விட்டுவிட்டார். “பாய் கட்டினது நாம அவுத்தாலே அவுராது, தானா எங்க அவுரப்போவுது” என்பார். வெள்ளிக்கிழமைகளில் பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு இரண்டு மணிக்கு மேல்தான் வருவார் என்பதால், வெள்ளியன்று டிரெய்லர் இரண்டரைக்கு முன் கிளம்பாது. முதலாளிக்கும் இது தெரியும். இத்தனை ஆண்டுகளில் அதில் ஒரு தகராறும் வந்ததில்லை.

தகராறு வந்த வெள்ளிக்கிழமை வைகாசிப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முந்தியது. பௌர்ணமிக் கூட்டத்துக்காகச் சாலைகளை அடைப்பதற்குள் வெளியூர் வண்டிகளை அனுப்பிவிட வேண்டும் என்று எல்லாருமே பரபரப்பாக இருந்தோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பெங்களூரில் வேலை பார்க்கும் தன் மகனுக்கு அனுப்ப ஒரு புல்லட்டைக் கொண்டுவந்து விட்டிருந்தார். மகன் முதல் சம்பளத்தில் முன்பணம் கட்டி வாங்கிய வண்டி. பாய் பதினொன்று பத்துக்குக் கட்டத் தொடங்கினார். பன்னிரண்டு இருபதுக்கு முடித்தார். சுண்டிக் கேட்டு, ஒருமுறை அவிழ்த்து, மறுபடியும் கட்டியதால் வழக்கத்தைவிட நேரம் கூடியது. இந்த இரண்டு நேரங்களும் கடைப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருந்தன. கை கால் கழுவிக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது, “ரெண்டு மணிக்கு வந்துர்றேன் ரைட்டரே. ஒரு சுத்து பாத்துட்டு அனுப்பிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்த கால் மணி நேரத்தில் ஆசிரியர் வந்தார். ஒரு பையில் மாலை, தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம். காலண்டரில் நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார். ஒன்றே முக்காலுக்குள் வண்டி கிளம்பிவிட வேண்டும், மூன்று மணிக்கு எமகண்டம் என்றார். இரண்டரை வரை பொறுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “யாருக்கு பொறுக்கணும்? நேரம் நமக்கு பொறுக்குமா தம்பி?” என்றார். முதலாளி தாலுகா கச்சேரி வேலையாக வெளியே போயிருந்தார். போன் செய்து கேட்டேன். “பார்ட்டி மனசு கோணாம அனுப்புய்யா. நேரம் தாண்டிட்டா அது ஒரு பேச்சாயிடும்” என்று வைத்துவிட்டார். டிரைவர் எதிர் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாலையைப் புல்லட்டின் கைப்பிடியில் போட்டோம். தேங்காய் உடைத்தார். கற்பூரத்தைத் தளத்தின் மேலேயே கொளுத்தப் பார்த்தார். பெட்ரோல் டேங்க் அருகே வேண்டாம் என்று நான் தரையில் ஏற்றச் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் புத்தியோடு நடந்துகொண்டேன் என்று அப்போது பெருமைகூடப் பட்டேன். பிறகு எலுமிச்சம்பழம். ஜீப்பின் சக்கரங்களுக்குக் கீழே வைக்கலாம் என்று குனிந்தேன். அவர் தடுத்தார். “ஜீப்புக்கு வெச்சு என்ன பிரயோஜனம் தம்பி? அது உங்க வண்டி. போறது எம்புள்ள வண்டி. அது சக்கரத்துக்கு கீழ இல்ல வெக்கணும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, பாயிடம் இருந்திருக்கும்.

முன்பக்க ராட்செட் இரண்டையும் நான் தளர்த்தினேன். தளர்த்தியதும் ஸ்பிரிங் பெருமூச்சு விட்டதுபோல எழுந்தது. ஆசிரியர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, வண்டியை ஒரு சாண் பின்னால் நகர்த்தி, பள்ளத்தில் ஒரு பழத்தை வைத்து, மறுபடியும் முன்னால் தள்ளினேன். பையிலிருந்ததிலேயே பெரிய பழமாக அவர் பார்த்துக் கொடுத்திருந்தார். சக்கரம் பழத்தின் மேல் ஏறிப் பாதி நசுக்கி அங்கேயே நின்றது. தடுப்பில் போய் முட்டவில்லை, இரண்டு விரல்கடை இடைவெளி இருந்தது. “கிளம்பும்போது தானா நசுங்கிடும், அதான் சாஸ்திரம்” என்றார். மணி ஒன்று முப்பத்தைந்து. அப்படியே வைத்து, ராட்செட்டை இழுத்தேன். பாய் இழுத்ததை நூறு முறையாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். மிஞ்சிய வாலை, செருப்பு வாரைக் கட்டுவதுபோல இரட்டைச் சுருக்காகப் போட்டேன். சுண்டிப் பார்க்கவில்லை. சுண்டியிருந்தாலும் எனக்கு அதில் ஒன்றும் கேட்டிருக்காது. ஒன்று நாற்பதுக்கு டிரைவரைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டேன். ஆசிரியர் சாலைவரை வந்து கும்பிட்டு நின்றார்.

இரண்டு மணிக்குப் பாய் வந்தார். காலியான இடத்தைப் பார்த்தார். “போயிடிச்சா?” என்றார். நல்ல நேரம் என்று சொன்னேன். “சரி, டிரைவர் வழியில ஒருவாட்டி பாத்துக்குவான்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். பழத்தைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். டிரைவருக்கு ஒரு போன் போட்டால் போதும், செங்கத்துக்கு முன்பே வண்டியை ஓரம்கட்டியிருப்பார். வேறு கை படக்கூடாது என்ற பாயின் கண்டிப்பை மீறிவிட்டேன் என்ற சிறு கூச்சம்தான் என் வாயை அடைத்தது. ஒரு மனிதரின் வாழ்க்கையை அவ்வளவு சின்னக் கூச்சம் கெடுக்கும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு ஐம்பதுக்கு டிரைவரிடமிருந்து போன் வந்தது. செங்கம் தாண்டி, ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னாலிருந்த வேகத்தடையில் ஜீப் ஏறி இறங்கியபோது, புல்லட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தளத்திலிருந்து வெளியே விழுந்து, பின்பக்க பெல்ட்டில் மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் இழுபட்டிருந்தது. வலது முன்பக்கக் கொக்கி வளையத்தில் இல்லை. பள்ளி விடும் நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டிரைவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆள் யாருக்கும் அடியில்லை. வண்டியின் ஃபோர்க் வளைந்து, டேங்க் அமுங்கி, ஒரு பக்கம் முழுக்க உரசிப்போயிருந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த ஆசிரியர் அழுதார். ஆனால், “பூஜை போட்டதால வண்டியோட போச்சு, உயிர்ச்சேதம் இல்ல” என்றும் சொன்னார். அங்கிருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

சனிக்கிழமை காலை டிரெய்லர் திரும்பி வந்தது. கடை திறக்கும் முன்பே பாய் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனபோது மண்டியிட்டுப் பள்ளத்துக்குள் விரலை விட்டு எதையோ சுரண்டினார். விரலில் நசுங்கிய மஞ்சள் தோலும் இரண்டு விதைகளும் ஒட்டியிருந்தன. முகர்ந்து பார்த்தார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த இடது பெல்ட்டின் வாலைக் கையில் எடுத்தார்.

“இந்த முடிச்சு என்னுது இல்ல ரைட்டரே.”

வாலை விட்டுவிட்டு மறுபடியும் பள்ளத்தைக் காட்டினார்.

“பழம் நசுங்கினதும் சக்கரம் முன்னால ஓடி தடுப்புல முட்டியிருக்கு. ரெண்டு பெல்ட்டும் தொளதொளன்னு ஆயிருக்கும். அப்புறம் கொக்கி நிக்குமா? யாரு வெச்சது?”

“அந்த வாத்தியார் ஏதோ பூஜை போட்டாரு பாய். நான் உள்ள இருந்தேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த ஆசிரியருக்கு ராட்செட்டின் எந்தப் பக்கம் கைப்பிடி என்றுகூடத் தெரியாது என்பதை நாங்கள் இருவருமே அறிவோம். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். “நான் போயி பழத்தாலதான் வுழுந்திச்சின்னு சொன்னா, பழத்த பத்தி பேசறேன்னு எவனும் எடுத்துக்க மாட்டான். சாமிய பத்தி பேசறேன்னு எடுத்துக்குவான். நீங்க சொன்னா அது வெறும் பழம். பத்து மணிக்கு முதலாளி வர்றாரு. உங்களால ஆவும்னா ஒரு வார்த்த சொல்லுங்க.” இவ்வளவுதான் கேட்டார். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து பள்ளத்தைக் கழுவிவிட்டார். ஏன் கழுவுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வேறு யார் கண்ணிலாவது அது பட்டு, வேறு யார் வாயிலாவது அது வேறு கதையாகிவிடும் என்று பயந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. தன்னைக் காப்பாற்றக்கூடிய சாட்சியத்தை அவர் என்னை நம்பிக் கழுவினார் என்பதும் புரிந்தது.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். டிரைவர், மெக்கானிக், பக்கத்து ஜூஸ் கடைக்காரர், ஆசிரியர் எல்லாரும் நின்றிருந்தார்கள். அவ்வளவு பேர் முன்னால் முதலாளி கேட்டார். “தொழுகைக்கு நேரமாச்சின்னு அவசர அவசரமா கட்டிட்டு ஓடிட்டியா பாய்?”

“இல்லிங்க. நிதானமாத்தான் கட்டினேன்” என்றார் பாய்.

“நிதானமா கட்டினது எப்பிடி அவுந்திச்சு?”

பாய் என் பக்கம் பார்க்கவில்லை. முதலாளிதான் என் பக்கம் திரும்பினார். “நீதான்யா இங்க இருந்த. சொல்லு. அவசரமாத்தான கட்டினான்?”

பதிவேடு என் மேசை இழுப்பறையில் இருந்தது. பதினொன்று பத்து, பன்னிரண்டு இருபது. எடுத்து நீட்டினால் போதும், அவசரம் என்ற பேச்சு அங்கேயே செத்திருக்கும். ஆனால் அதை எடுத்தால் அடுத்த கேள்வி, அப்புறம் யார் தொட்டது என்பதாகத்தான் இருக்கும். ஆசிரியர் பக்கத்திலேயே நிற்கிறார், கேட்டால் சொல்லிவிடுவார். எனக்கு அந்த வேலை போனால் வேறு வேலை இல்லை, வீட்டில் என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் காரணமாக இங்கே எழுதுகிறேன். அன்று இவற்றையெல்லாம் யோசித்தேனா என்று கேட்டால் தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

“நான் சரியா கவனிக்கலிங்க.”

அங்கே நின்ற யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. பாய் மட்டும் லேசாகச் சிரித்தார். அவர் தும்மிய நேரத்தைக்கூட எழுதி வைத்தவன் நான்.

அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். தன்னுடைய துண்டுத் துணிகளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் என்னைத் தாண்டும்போது “வர்றேன் ரைட்டரே” என்றார், தினமும் சாயங்காலம் சொல்கிற அதே குரலில். செங்கம் சாலையில் வண்டி ஏற்றி அனுப்புகிற கடைகள் இன்னும் மூன்று நான்கு இருந்தன. ஒன்றிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ‘தொழுகைக்கு ஓடுற அவசரத்துல புல்லட்ட ரோட்டுல வுட்டவரு’ என்று ஒரு வாக்கியம் அவருக்கு முன்னால் ஒவ்வொரு கடைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஜூஸ் கடையில், மெஸ்ஸில், முடிவெட்டும் இடத்தில் அதைச் சிரிப்பாகச் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் பாயோடு டீ குடித்தவர்கள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடுத்த மாதத்திலிருந்து டிரெய்லர் என் பொறுப்பில் வந்தது. பாய் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். துணி சுற்றினேன், ஸ்பிரிங்கைப் பாதி இறக்கினேன், யாரையும் பழம் வைக்க விடவில்லை. நன்றாகக் கட்டுகிறார் என்று எனக்கு நல்ல பெயர்கூட வந்தது.

பிறகு கொரோனா வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் போனார்கள், கடை மூடியது, டிரெய்லரை முதலாளி விற்றார். நிலைமை சீரானதும் அடி அண்ணாமலை பக்கம் கிரிவலப் பாதையிலேயே ஒரு விடுதி கட்டினார். நான் அங்கே மேனேஜர். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். நோட்டுகள் பதினேழு சேர்ந்திருக்கின்றன. அந்த வெள்ளிக்கிழமைக்குரிய பக்கத்தில் ‘பெங்களூர் வண்டி 1.40க்குப் புறப்பாடு. வெயில் கடுமை’ என்று மட்டும் இருக்கிறது.

சென்ற பங்குனியில், கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருக்கும் சமணக் கோயிலைப் பார்த்துக் குறிப்பெடுக்கப் போனேன். திரும்பி வரும்போது பேருந்துக்காக நின்ற இடத்துக்கு எதிரே ஒரு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மொத்தமாக வாங்கி விற்கும் இடம். லாரியில் மூட்டை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். தாடி முழுக்க நரைத்த ஒருவர் கயிற்றைச் சுண்டிவிட்டுத் தலையைச் சாய்த்து நின்றார்.

அவர்தான் முதலில் பேசினார். “ரைட்டரே, தொப்ப போட்டுட்டீங்களே” என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். என் வீட்டைப் பற்றி, குழந்தையைப் பற்றி எல்லாம் விசாரித்தார். டிரெய்லர் என்ன ஆனது என்று கேட்டார். பாதி டீயில் நான் சொன்னேன். பழத்தை வைத்தது நான்தான், பெல்ட்டை அவிழ்த்ததும் நான்தான், நேரம் பதிவேட்டில் இருந்தது, நான் எடுத்துக் காட்டவில்லை.

அவர் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். “எனக்கு தெரியும்னு உங்களுக்கு தெரியும். தெரிஞ்சவங்கிட்ட வந்து சொல்றது ரொம்ப சுலபம் ரைட்டரே” என்றார். கோபமில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார். “வேல போனதுல எனக்கு பெரிய வருத்தம் இல்ல, இங்க அதவிட நல்லாத்தான் இருக்கேன். ஆனா தொழுகைக்கு ஓடுற அவசரத்துல அரைகொறையா கட்டினேன்னு முதலாளி சொன்னாரு பாருங்க, அது போவல. எம்புள்ள காதுக்கே அது வந்து, அப்பிடியா வாப்பான்னு என்னை கேட்டுட்டான். அல்லாவுக்கு குடுக்கிற நேரத்த நான் ஒரு நாளும் வேலைல திருடினது இல்ல. அந்த ஒரு வார்த்தய அவரு வாபஸ் வாங்கினா போதும். சொன்னவர்கிட்ட போயி சொல்லுங்க.” போன் எண்ணைத் தானே என் போனில் போட்டுக் கொடுத்தார்.

சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆனது. பௌர்ணமிக்கு முந்தின நாள், விடுதி வரவேற்பு மேசையில் முதலாளி கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டு முன்பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது வேலை போனாலும் பரவாயில்லை என்று தீர்மானித்துத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த பாய்?”

“டிரெய்லர்ல வண்டி கட்டுவாருங்களே.”

“பஞ்சர் கடை வெச்சிருந்தாரே, அவரா?”

“இல்லிங்க. நம்மகிட்டயே பதினோரு வருஷம் இருந்தாரு.” அவருடைய முழுப்பெயரைச் சொன்னேன். முதலாளி அந்தப் பெயரை முதன்முறையாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

“ஓ, ஒருத்தர் இருந்தாரு இல்ல. ஏன், தவறிட்டாரா?”

இல்லை என்றேன். தொழுகை அவசரம் என்று அவர் சொன்னதை நினைவுபடுத்தினேன். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. “நானா? நான் அந்த மாதிரியெல்லாம் பேசற ஆளாய்யா? நீயே சொல்லு, இத்தன வருஷமா பாக்கற. எவனாவது சொல்லியிருப்பான்” என்றார். உண்மையிலேயே மனம் புண்பட்டதுபோல இருந்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “அத ஏன் இப்ப தோண்டற. நாளைக்கு மாடியில எத்தன ரூம் காலின்னு பாரு” என்றார்.

என் வேலை போகவில்லை. மாடியில் நான்கு அறைகள் காலியாக இருந்தன.

அன்று சாயங்காலம் பாய்க்குப் போன் செய்தேன். பின்னால் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, மூட்டைக்காரர்கள் பேசும் சத்தம் கேட்டது.

“சொல்லிட்டேன் பாய்” என்றேன்.

“என்ன சொன்னாரு?”

முதலாளி சொன்னதை அப்படியே சொல்வது என்றுதான் எண்ணியிருந்தேன். எந்த பாய் என்று கேட்டார் என்பதை எந்தச் சொற்களால் சொல்வது என்று தேடினேன். வாய் தானாகச் சொன்னது.

“ரொம்ப வருத்தப்பட்டாரு. விசாரிக்காம அப்பிடி சொன்னது தப்புன்னு சொன்னாரு.”

அவர் எஞ்சின் சத்தத்திலிருந்து விலகிப் போவது கேட்டது.

“என் பேரு ஞாபகம் இருந்திச்சா அவருக்கு?”

“இருந்திச்சி பாய். பேரச் சொல்லித்தான் சொன்னாரு.”

“அப்பிடியா” என்றார். “அப்பிடியா சொன்னாரு.” போனை வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே யாரையோ கூப்பிட்டுச் சொல்வது தூரத்திலிருந்து கேட்டது. மகனையாக இருக்கலாம், மூட்டைக்காரர்களையாக இருக்கலாம். “அந்த முதலாளி ஒத்துக்கிட்டாராம்டா. அவசரத்துல கட்டலன்னு. என் பேரச் சொல்லி சொன்னாராம்.” யாரோ ஏதோ கேட்டார்கள். அவர் மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.